கொசுவலையில் சிக்கிய பொருநை

அதிகாலை ஐந்தரை மணிக்கு ஒரு பள்ளிக்கூட வாசல் இப்படிக் கலகலக்கும் என்று நான் நினைத்ததே இல்லை. 2023 டிசம்பர் வெள்ளம் வடிந்த கையோடு, 2024. மாசி பிறந்து முதல் சனிக்கிழமை. பனி இன்னும் இறங்கிக்கொண்டிருக்கிறது. அம்பாசமுத்திரம் பக்கத்து அரசுப் பள்ளி ஒன்றின் ஆறாம், ஏழாம் வகுப்புப் பிள்ளைகள் 36 பேரும் ஒருவர் விடாமல் வந்து நிற்கிறார்கள். வண்டி வர இன்னும் முக்கால் மணி நேரம் இருக்கிறது! "ராத்திரி தூங்குனியா?" என்று ஒருத்தியைக் கேட்டேன். "தூங்குனா விடிஞ்சிருமேன்னு தூங்கல" என்றாள். அந்தக் கணக்கு எனக்குப் புரியவில்லை. அவள் முகத்தில் இருந்த வெளிச்சம் புரிந்தது.

ஆற்றுக்கு அழைத்துப் போய்ப் பாடம் நடத்துகிறார்கள் என்று கேள்விப்பட்டதிலிருந்து, இதன் அடுக்களையைப் பார்த்துவிட வேண்டும் என்று ஒரே ஆசை. அறிவியல் ஆசிரியரிடம் மன்றாடி அனுமதி வாங்கி, மூன்று நாள் முன்னதாகவே போய் ஒட்டிக்கொண்டேன். நல்லவேளை! பாதிக் கதை அந்த மூன்று நாளில்தான் நடந்தது.

புதன்கிழமை மத்தியானம் சமூக அறிவியல் டீச்சர் பள்ளி மைதானத்தில் இரண்டு சட்டி ஆற்றுமணலைக் கொட்டச் சொன்னார். மேற்கே குவித்த மேடு பொதிகை மலை. கிழக்கே வேப்பமரத்தடியில் விரித்த நீலப் பாவாடைத் துணி மன்னார் வளைகுடா. நடுவே விரலால் இழுத்த கோடுதான் பொருநை என்கிற தாமிரபரணி. ஏறக்குறைய 128 கிலோமீட்டர் ஓடும் ஆறு அங்கே பதினைந்து அடிக்குள் அடங்கிவிட்டது. பிறப்பதும் கடலில் சேர்வதும் தமிழ்நாட்டுக்குள்ளேயே. தென்மேற்குப் பருவமழை, வடகிழக்குப் பருவமழை இரண்டையும் வாங்கிக்கொள்கிற ஆறு. "அதனாலதான் நமக்குக் கார், பிசானம்னு ரெண்டு பூவு" என்று டீச்சர் சொன்னதும், விவசாய வீட்டுப் பிள்ளைகள் அத்தனை பேர் தலையும் ஆடியது. நெல் போகங்களின் பெயரான கார், பிசானம் இரண்டும் அவர்கள் வீட்டுத் திண்ணையில் தினமும் புழங்குகிற சொல்.

அப்புறம் எட்டுக் கல். எட்டு அணைக்கட்டுக்கு எட்டுக் கல். கோடைமேலழகியான், நதியுண்ணி, கன்னடியன், அரியநாயகிபுரம், பழவூர், சுத்தமல்லி, மருதூர், ஸ்ரீவைகுண்டம். முதல் ஏழும் வெள்ளைக்காரர் காலத்துக்கு முந்தியவை. கடைசியான ஸ்ரீவைகுண்டம் மட்டும் 1870களில் கட்டியது. பிள்ளைகள் வரிசையாக நின்று ஆளுக்கொரு கல்லாக வைத்தார்கள். வைத்து முடித்ததும் மேட்டின் உச்சியிலிருந்து ஒரு குடம் தண்ணீர்! அது ஒவ்வொரு கல்லிலும் முட்டி, நின்று, இரண்டு பக்கமும் கசிந்து, மிச்சம் வழிந்து அடுத்த கல்லுக்குப் போனபோது எழுந்த கூச்சலில் தலைமையாசிரியரே வெளியே வந்துவிட்டார். அணைக்கட்டு எதற்கு, கால்வாய் எதற்கு என்று யாரும் விளக்கவில்லை. விளக்கத் தேவை இருக்கவில்லை.

எட்டாவது கல்லுக்குக் கிட்டே டீச்சர் ஒரு நெல்மணியைப் புதைத்தார். அங்கேதான் ஆதிச்சநல்லூர், பக்கத்திலேயே சிவகளை. சிவகளையில் முதுமக்கள் தாழிக்குள் கிடைத்த நெல்லின் வயது சுமார் 3,200 வருடம் என்று 2021இல் அறிவித்தார்கள். பின்வரிசையில் உட்கார்ந்திருந்த ஒரு பையன் மெதுவாக எழுந்தான். "அப்போ எங்க அப்பா செய்யிறது மூவாயிரம் வருசத்து வேலையா டீச்சர்?" டீச்சர் பதில் சொல்ல ஒரு நிமிடம் ஆனது. எனக்கும் தொண்டை அடைத்துக்கொண்டது.

வியாழன் அன்று ஆசிரியர் என்னை ஆற்றுக்கு இட்டுப்போனார். பிள்ளைகள் கால் வைக்கப்போகும் இடத்தில் முதலில் அவர் கால் வைத்தாக வேண்டும். கையில் ஆறடி மூங்கில் கழி, அதில் பத்து சென்டிமீட்டருக்கு ஒரு சிவப்புக் கோடு. அடிக்கு அடி ஊன்றிப் பார்த்து நோட்டில் குறித்துக்கொண்டே போனார். போன வருடம் முழங்கால் அளவு தண்ணீர் ஓடிய இடத்தில் இந்த வருடம் கழி முழுசாக உள்ளே போனது. 2023 டிசம்பர் வெள்ளம் ஆற்றின் அடியையே புரட்டிப்போட்டிருந்தது. கரையில் வலை உலர்த்திக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர், "அந்தப் பக்கம் போவாதீக சார், கசம் கிடக்கு. மேக்க நாலு பாகம் தள்ளிப் போங்க, கல்லுத்தரை" என்று கைகாட்டினார். அவர் காட்டிய இடம்தான் கடைசியில் வகுப்பறை ஆனது. அவரையே சனிக்கிழமைக்கும் கூப்பிட்டுவிட்டார் ஆசிரியர். நன்றாக நீந்தத் தெரிந்த ஆள் இரண்டு பேராவது இல்லாமல் ஒரு பிள்ளையையும் தண்ணீர்ப் பக்கம் விடமாட்டாராம்.

இன்னொரு வேலை, செய்தித்தாள் படிப்பது! பாபநாசம் அணை 143 அடி, சேர்வலாறு 156, மணிமுத்தாறு 118. அன்றன்றைக்கு எவ்வளவு தண்ணீர் நிற்கிறது, எத்தனை கன அடி திறக்கிறார்கள் என்று உள்ளூர்ப் பக்கத்தில் தினமும் வருகிறதே, அதை ஒரு வாரமாக வெட்டி ஒட்டிவந்திருந்தார். வெள்ளிக்கிழமை இரவு வரை தெரிந்தவர்களுக்குப் போன் போட்டு விசாரித்தபடி இருந்தார். மேலே மதகு திறந்தால் கீழே ஆறு சத்தமில்லாமல் ஏறும். அந்தப் பயத்தை அவர் ஒரு நிமிடமும் மறக்கவில்லை. எனக்கு அவர்மேல் மரியாதை வந்தது அந்தப் போன்களைக் கேட்ட பிறகுதான்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் வலை தயாரானது. ஏழாம் வகுப்பில் ஒரு தையல்காரர் மகள் இருக்கிறாள், இரட்டைச் சடைக்காரி. வீட்டில் கிழிந்த கொசுவலையை ஒரு மீட்டர் சதுரமாக வெட்டி, இரண்டு ஓரத்திலும் பை மாதிரி மடித்துத் தைத்து, அதற்குள் மூங்கில் கழியை நுழைத்துக் கொண்டுவந்து நிறுத்தினாள். அடி ஓரத்தில் சின்னச் சின்னக் கூழாங்கல் வைத்துத் தைத்திருந்தாள். "அப்பதான் சார் தண்ணிக்குள்ள தூக்காது" என்றாள். யாரும் சொல்லிக்கொடுக்காத யோசனை. ஆசிரியர் அந்த வலையை இரண்டு கையாலும் வாங்கினார்.

சரி, சனிக்கிழமைக்கு வருவோம். வண்டியில் ஏறும்போதே 18 ஜோடி கட்டிவிட்டார்கள். ஒரு விசில் அடித்தால் அவரவர் ஜோடியைத் தொட வேண்டும். இரண்டு விசிலுக்கு, கையில் எது இருந்தாலும் போட்டுவிட்டுக் கரைக்கு ஓட வேண்டும். வண்டிக்குள்ளேயே பத்துத் தடவை ஒத்திகை! ஓட்டுநர் அண்ணாச்சியும் ஒரு தடவை தன் பங்குக்கு ஹாரன் அடித்துவைத்தார்.

இறங்கிய இடம் திருப்புடைமருதூர். கடனா நதி வந்து தாமிரபரணியில் சேர்கிற ஊர். கன்னடியன் அணைக்கட்டுக்கும் அரியநாயகிபுரம் அணைக்கட்டுக்கும் இடையில், மணல் வரைபடத்தில் மூன்றாவது கல்லுக்கும் நாலாவது கல்லுக்கும் நடுவே. பிள்ளைகள் வண்டியை விட்டு இறங்கும்போதே "மூணுக்கும் நாலுக்கும் நடுவுல!" என்று கத்திக்கொண்டே இறங்கினார்கள். நாறும்பூநாதர் கோயிலை ஒட்டி, கரை நெடுக வானம் தெரியாமல் மருத மரங்கள். அந்த மரங்களில் கூடு கட்டும் பறவைகளை ஊரே தன் பிள்ளைகள்போலப் பார்த்துக்கொள்கிறது. 2005இல் இந்த இடத்தைப் பறவைகள் பாதுகாப்பகமாக அறிவித்தார்கள். ஊர் மக்களையும் சேர்த்துக்கொண்டு நடத்துகிற இந்த வகைக் காப்பகத்தில் இந்தியாவிலேயே இதுதான் முதலாவது! இதைச் சொன்னதும் பிள்ளைகள் குரலைத் தாழ்த்திக்கொண்டார்கள். 36 பேரும் குசுகுசுவென்று பேசிக்கொண்டு நடந்த அந்த இருநூறு அடி தூரத்தை நான் மறக்கவேமாட்டேன்.

முதலில் எல்லாரும் அண்ணாந்துதான் பார்த்தார்கள். கொக்கு, மடையான், நீர்க்காகம், அரிவாள் மூக்கன். அப்போது ஆறாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி உச்சிக் கிளையைக் காட்டி, "யாரு டீச்சர் இம்புட்டு ஒசரத்துல சேலையைக் காயப்போட்டா?" என்று கேட்டாள்.

யாரும் சிரிக்கவில்லை. மருதக் கிளையில் ஒரு கிழிந்த சேலை, அதன்மேல் வைக்கோல், பிளாஸ்டிக் பை, யாருடைய வீட்டுத் தகரமோ ஒரு துண்டு. வலைக்காரப் பெரியவர்தான் பதில் சொன்னார். "அது ஆறு காயப்போட்டது தாயீ. மார்கழி பொறந்த அன்னிக்கு வந்துச்சே, அந்த வெள்ளம். தொண்ணூத்திரண்டுல வந்ததையும் நான் பாத்திருக்கேன்." 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழையில் காயல்பட்டினத்தில் மட்டும் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர். டீச்சர் பையிலிருந்து அளவு நாடாவை எடுத்து அந்தச் சிறுமியின் பக்கத்தில் பிடித்தார். பாதத்திலிருந்து 95 சென்டிமீட்டர், அவள் இடுப்புக்கு மேலே போனது. "ஒரே நாள்ல, வானத்துலேருந்து, இவ்வளவு" என்றார். சிறுமி தன் இடுப்பைத் தொட்டுப் பார்த்தாள். மறுபடி சேலையைப் பார்த்தாள். நூலில் கல்லைக் கட்டிக் கிளைமேல் எறிந்து உயரம் அளக்கப் பெரிய பையன்கள் கிளம்பினார்கள். கூடு இருக்கிற மரம் என்பதால் ஆசிரியர் தடுத்துவிட்டார். நிழலை வைத்து உயரம் கணக்கிடுவது எப்படி என்று கணக்குப் பாடத்தில் வரும்போது இந்த மரத்தை நினைத்துக்கொள்ளச் சொன்னார். நோட்டில் மரத்தை வரைந்து, சேலையையும் வரைந்தார்கள்.

அடுத்தது வலை. இதற்காகத்தானே வந்தேன்!

கணுக்காலுக்குச் சற்று மேலே தண்ணீர். அடியில் உருண்டைக் கற்கள். பெரியவர் முன்னமே நட்டுவைத்த கம்பில் சிவப்புக் கோடு. தண்ணீர் அந்தக் கோட்டைத் தொட்டால் வகுப்பு முடிந்தது. அதைக் கண் இமைக்காமல் பார்த்துக்கொண்டிருப்பதற்கென்றே ஒரு ஜோடி. இரட்டைச் சடைக்காரியும் அவள் ஜோடியும் வலையை ஓட்டத்துக்கு எதிராகப் பிடித்து நின்றார்கள். மேல்பக்கம் நின்ற இருவர் கற்களைக் காலால் கிளறினார்கள். ஒரு நிமிடம். வலையைத் தூக்கிக் கரையில் விரித்தால் சருகு, மண், பாசி. "ஒண்ணுமே இல்ல" என்று ஒரு பையன் முகம் சுளித்தான். "பொறு" என்றார் ஆசிரியர்.

அரை நிமிடம் பொறுத்தோம். சருகு நகர்ந்தது! சருகுக்குள் ஏதோ நகர்ந்தது! அப்புறம் பார்க்க வேண்டுமே, பெயின்ட் பிரஷ் எடுத்துத் தொட்டுத் தொட்டு வெள்ளை ஐஸ்கிரீம் டப்பாவுக்கு மாற்றுவதில் நடந்த போட்டியை! வெள்ளைப் பின்னணியில்தான் இவை கண்ணுக்குத் தெரியும். மூன்று வால் முடியோடு, வயிற்றுப் பக்கவாட்டில் செவுளை விசிறிபோல ஆட்டிக்கொண்டு ஒரு பூச்சி. ஈசல் மாதிரி ஒரு நாளோ இரண்டு நாளோ மட்டும் பறந்து, வாய்க்கு ஒன்றும் போடாமலேயே வாழ்ந்து முடிக்கிற மே ஈயின் இளம்பருவம் அது. ஆக்சிஜன் நிறையக் கலந்த ஓடும் நீர் இருந்தால்தான் இது தங்கும். மணலை ஒவ்வொன்றாக எடுத்துத் தன் வாய்ப் பட்டுநூலால் ஒட்டிக் குழாய் வீடு கட்டிக்கொண்ட புழு ஒன்று. லென்ஸ் வழியாகப் பார்த்தேன். கொத்தனார் வைத்ததுபோல அத்தனை ஒழுங்கு! இரண்டு மாதத்துக்கு முன் பாறையையே உருட்டிப்போன வெள்ளம் போன இடம் இது. அந்த இடத்தில் இந்தப் பொடி ஜீவன்கள் திரும்பிவந்து வீடு கட்டி உட்கார்ந்திருக்கின்றன.

ஆனால் அன்றைய கதாநாயகன் தும்பிக் குஞ்சுதான். தட்டான் என்று பிள்ளைகள் வாலில் நூல் கட்டுகிறார்களே, அதன் குழந்தைப் பருவம் தண்ணீருக்குள். பார்க்க அழுக்கு உருண்டை மாதிரி டப்பாவின் மூலையில் கிடந்தது. ஒரு பையன் பிரஷால் பின்னால் லேசாகத் தொட்டான். விர்ரென்று ராக்கெட் மாதிரி டப்பாவின் மறுகோடிக்குப் பாய்ந்தது. எல்லாரும் ஒரு முழம் பின்னால் துள்ளினோம்! "நீந்தவே இல்ல சார், காலை ஆட்டல!" பையன் கண்டுபிடித்துவிட்டான். பின்பக்கமாக நீரை உறிஞ்சி, அதிலிருந்தே மூச்சு வாங்கி, ஆபத்து என்றால் அதே நீரைப் பீய்ச்சி அடித்துப் பாய்கிற பூச்சி அது. அதன் கீழுதடு மடித்துவைத்த கை மாதிரி நீண்டு இரையைப் பிடிக்கும் என்று ஆசிரியர் சொன்னபோது, இனிமேல் தட்டான் வாலில் நூல் கட்டப்போவதில்லை என்று இரண்டு பேர் அங்கேயே முடிவு செய்தார்கள். அவர் கேட்கக்கூட இல்லை.

பிறகு படித்துறைக்குக் கீழே, குளிக்கிற, துவைக்கிற இடத்து ஓரத்தில் தேங்கிய நீரில் அதே வலை. அங்கே மே ஈ இல்லை, வீடு கட்டும் புழுவும் இல்லை. சேற்றில் நெளிகிற சிவப்புப் புழுக்கள் நாலைந்து. நம் ரத்தத்தில் இருக்கிற ஹீமோகுளோபின் அவற்றிடமும் இருக்கிறது. ஆக்சிஜன் குறைந்த சேற்றிலும் அவை பிழைப்பது அதனால்தான். இரண்டு டப்பாவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார்கள். சோப்பு நுரை மிதந்துபோவதைப் பிள்ளைகள் பார்த்தார்கள், மறுபடி டப்பாவைப் பார்த்தார்கள். நூறு கஜம்கூட இடைவெளி இல்லை. "எங்க அம்மையும் இங்கதான் துவைக்கும்" என்றாள் ஒருத்தி சன்னமாக. ஆசிரியர் ஒரு வார்த்தை கடிந்து பேசவில்லை. கரையில் ஒரு துவைகல்லும், சோப்புத் தண்ணீர் ஆற்றுக்குப் போகாமல் வாழைக்குப் பாய ஒரு ஓடையும் இருந்தால் எப்படி இருக்கும் என்று கேட்டார். அடுத்த பத்து நிமிடத்தில் மணலில் மூன்று வாய்க்கால் வரைபடம் ரெடி!

பத்து மணிக்கு ஆரஞ்சு. கமலா ஆரஞ்சைத் தோலோடு போட்டால் பெரும்பகுதி முங்கி மிதக்கும். தோலை உரித்தால் முங்கிவிடும். உரித்தும் காட்டினார்கள், உரித்ததைப் பங்குபோட்டும் தின்றார்கள். கரையில் பத்து மீட்டர் அளந்து இரண்டு கயிறு கட்டி, மேல் கயிற்றில் பழத்தை விட்டு, கீழ்க் கயிற்றுக்கு வரும்வரை கைக்கடிகாரத்தில் நொடி எண்ணுவது. மூன்று தடவை விட்டதில் சராசரி 25 நொடி. மேல்தண்ணீர் அடித்தண்ணீரைவிட வேகமாக ஓடும் என்பதால் 0.85ஆல் பெருக்கினார்கள். அந்தச் சின்னக் கிளை ஓட்டத்தின் அகலம் 12 மீட்டர், சராசரி ஆழம் 40 சென்டிமீட்டர். மணலே சிலேட்டு. ஏழாம் வகுப்புக் கூட்டம் குப்புறப் படுத்துப் பெருக்கியது.

நொடிக்கு 1,632 லிட்டர்.

அந்த எண்ணைப் பார்த்து யாருக்கும் ஒன்றும் தோன்றவில்லை. அப்போது ஒரு பெண், "எங்க வீட்டுக் குடம் பதினஞ்சு லிட்டர்" என்று சொல்லி வகுத்தாள். நூற்றெட்டுக் குடத்துக்கு மேல்! ஒரு நொடிக்கு நூற்றெட்டுக் குடம்! கோயில் மணி அப்போதுதானா அடிக்க வேண்டும்? அத்தனை பேரும் "ஒண்ணு" என்று சொல்லிக் கைதட்டி, "இப்ப நூத்தெட்டு போச்சு", "இன்னொரு நூத்தெட்டு", "இன்னொரு நூத்தெட்டு" என்று ஆற்றைப் பார்த்து ஆட ஆரம்பித்துவிட்டார்கள். நானும் ஆடினேன். ஆறு முழுசும் இல்லை, ஓரத்து ஓட்டம் மட்டும்தான் இவ்வளவு. ஒரு கன அடி என்பது 28 லிட்டருக்குக் கொஞ்சம் கூட, கிட்டத்தட்ட இரண்டு குடம் என்று ஆசிரியர் சொன்னதும், பையன் ஒருவன் வெட்டி ஒட்டிய செய்தித்தாளைக் கேட்டு வாங்கினான். தாத்தா தினமும் சத்தமாகப் படிக்கிற அந்த வரியில் எத்தனை குடம் இருக்கிறது என்று அவன் விரலை வைத்து எண்ணிய அழகே தனி.

பழைய சிடியையும் சொல்லிவிடுகிறேன். கறுப்பும் வெள்ளையுமாக நான்கு பங்கு பெயின்ட் அடித்து, நடுவில் கனமான நட்டு முடுக்கி, பத்து சென்டிமீட்டருக்கு ஒரு முடிச்சுப் போட்ட நூலில் கட்டியது. படித்துறையின் மேல்படியில் நின்றபடி கசத்துக்குள் இறக்கினார்கள். கண்ணுக்கு மறைகிறபோது எத்தனையாவது முடிச்சு? பதிமூன்று. கலங்கல் அளக்கும் இந்த வித்தையை 1865இல் செக்கி என்ற இத்தாலியப் பாதிரியார் போப்பாண்டவரின் கப்பலிலிருந்து கடலில் செய்து பார்த்தார். அதே வித்தை, பொருநைக் கரையில், யாரோ கல்யாணத்துக்குப் போட்ட பாட்டு சிடியில்!

பதினொன்றரைக்கு இரண்டு விசில். டப்பாவில் இருந்த ஒவ்வொரு பூச்சியையும் எடுத்த இடத்திலேயே திருப்பிவிட்டார்கள். மே ஈயை மே ஈ இருந்த கல்லடியில், சிவப்புப் புழுவைச் சேற்றில். தும்பிக் குஞ்சை விட மட்டும் ஏழு பேர் போட்டி. 18 ஜோடியும் சரியா என்று மூன்று தடவை எண்ணி முடித்து, மருத நிழலில் புளிசாதப் பொட்டலத்தைப் பிரித்தோம். பெரியவருக்கு முதல் பொட்டலம்.

திங்கட்கிழமை பள்ளிக்குப் போய்ப் பார்த்தேன். வகுப்புச் சுவரில் ஒரு நீளத் தாள். தேதி, நீரின் ஆழம், ஆரஞ்சு எடுத்துக்கொண்ட நொடி, முடிச்சு எண்ணிக்கை, எந்தப் பூச்சி எத்தனை. முதல் வரி நிரம்பியிருக்கிறது. கீழே காலியாகக் கோடு போட்ட வரிகள் பதினொன்று, மாதத்துக்கு ஒன்று. அடுத்த வருடம் இந்த வகுப்புக்கு வருகிற பிள்ளைகளுக்குத் தாள் அப்படியே கைமாறும் என்றார் ஆசிரியர்.

அந்தப் பதினொரு வரியும் நிரம்ப வேண்டும் என்று எனக்குப் பேராசை. அதற்குத் தேவைப்படுவது பெரிய பணம் ஒன்றும் இல்லை. உங்கள் ஊர் ஆற்றங்கரையிலும் இப்படி ஒரு பள்ளி இருந்தால், ஒரு சனிக்கிழமை காலை நீங்கள் போய் நில்லுங்கள். நீந்தத் தெரிந்தவர் என்றால் இரட்டிப்பு வரவேற்பு. போகும்போது வெள்ளை ஐஸ்கிரீம் டப்பா நாலு, ஆரஞ்சு ஒரு டஜன், வீட்டில் சும்மா கிடக்கிற கொசுவலை ஒன்று. கொசுவலை கிழிந்திருந்தாலும் கொடுங்கள், தைக்க ஆள் இருக்கிறது.